விளக்கொளிக்காகக் கம்மலை அடகு வைக்க வேண்டுமா?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 31. ஜீப் ஓட்டுநர். விடியுமுன் கம்பத்தில் தோட்டவேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்ப அழைத்து வருவது அவருடைய தொழில். ஐந்து வாரங்களுக்கு முன் இடது விலாவின் கீழே ஒற்றைப் படை ஒன்று தோன்றியது. படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவினார். பத்து நாள் கழித்து மார்பு, முதுகு, தொடையின் மேற்பகுதி என்று சிறுசிறு படைகள் கிளம்பி, எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது.

அம்மா அதை அம்மை என்று சொல்லித் தலைமாட்டில் வேப்பிலை வைத்தார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வாடை பட்டதால் வந்தது என்றார் நண்பர். ஜீப்பில் வரும் பெண்களோ, "ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது" என்று முன் இருக்கையில் உட்கார மறுத்தார்கள். போன வாரம் முதல் முதலாளி வேறு ஓட்டுநரை அனுப்புகிறார். மனைவி மூன்று மாதக் கர்ப்பிணி என்பதால், அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்ற யோசனை வேறு. இதற்கிடையில் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு தனியார் தோல் சிகிச்சையகத்தில், வாரம் இரண்டு முறை வீதம் பன்னிரண்டு முறை "லைட் ட்ரீட்மெண்ட்" எடுக்க வேண்டும், ஒரு முறைக்கு 900 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். 3,000 ரூபாய் முன்பணம் கட்டியாயிற்று. மீதிக்கு மனைவியின் கம்மலை அடகு வைக்க நினைக்கிறார். "லைட் அடித்தால் பத்து நாளில் மாறும் என்றார்கள் டாக்டர் அம்மா, அடிக்கலாமா? இல்லை, நம் ஊர் வெயிலில் நின்றாலே போதுமா?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகருக்கு,

கம்மல் இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். படித்த பிறகும் சிகிச்சை வேண்டும் என்று தோன்றினால், எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

படம் சொல்வதும் ரத்தம் சொல்ல வேண்டியதும்

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். விலாவின் கீழுள்ள முதல் படை முட்டை வடிவில், மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரியதாக இருக்கிறது. அதன் ஓரத்தில் வெங்காயச் சருகைப் போல மெல்லிய செதில் வளையம் ஒன்று தெரிகிறது. அந்தச் செதில் வெளிவிளிம்பில் ஒட்டிக்கொண்டு, நடுவைப் பார்த்த பக்கம் மட்டும் பிரிந்து நிற்கிறது. படர்தாமரையில் பெரும்பாலும் ஓரம் மேடாகி, சிறு பருக்களோடு வெளிப்பக்கமாகப் பரவிக்கொண்டே போகும். உங்கள் முதுகில் உள்ள சிறிய படைகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. தொங்கும் தென்னங்கீற்றின் நடுநரம்பிலிருந்து ஓலைகள் இருபுறமும் சரிவதைப் போல, முதுகுத்தண்டிலிருந்து விலாவின் சரிவை ஒட்டியே அவை அமைந்திருக்கின்றன. மேனாட்டுப் பாடநூல்கள் இதைக் கிறிஸ்துமஸ் மரம் என்கின்றன. நமக்குத் தென்னை போதும்.

முதலில் ஒரு தாய்ப்படை, ஒன்றிரண்டு வாரம் கழித்து உடம்பெங்கும் பிள்ளைப்படைகள், உடையால் மூடிய இடங்களில் மட்டும் அதிகம் என்ற இந்த வரிசை பிட்டிரியாசிஸ் ரோசியா என்ற நோய்க்கு உரியது. பிரெஞ்சு மருத்துவர் கிபேர் 1860-இல் இந்தப் பெயரை வைத்தார். முதற்சொல் தவிட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவது ரோசா நிறத்தைக் குறிப்பது. தவிடு போன்ற செதில் நம்மவர்களிடமும் உண்டு. ரோசா நிறம் வெள்ளைத் தோலில்தான் தெரியும். நம் தோலில் அது சாம்பல் கலந்த பழுப்பாகவோ கருநாவல் சாயலாகவோ இருப்பதால் பலர் இதைத் தேமல் என்றும் படை என்றும் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் 10 வயது முதல் 35 வயதுக்குள் வரும் நோய் இது. மருந்தே இல்லாமல் ஆறு முதல் எட்டு வாரத்தில் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம் வரையும், அரிதாக அதற்கு மேலும் இழுக்கும். ஒருமுறை வந்து போனவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கே மறுபடி வருகிறது.

ஆனால் படத்தைப் பார்த்து முடிவு சொல்ல எனக்கு உரிமை இல்லை. இதே தோற்றத்தில் வரக்கூடிய வேறு சில நோய்கள் உண்டு. படர்தாமரை என்றால் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்த சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். நீங்கள் தடவிய களிம்பின் அட்டையை அனுப்பியிருந்தீர்கள். அது ஒரு வலுவான ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத வகை அது. பூஞ்சை இருந்தால் அதன் உருவத்தையே அந்த ஸ்டீராய்டு மாற்றிக் காட்டிவிடும் என்பதால், அதை நிறுத்திய பிறகு ஒருமுறை சுரண்டிப் பார்ப்பது நல்லது. படைகளில் மரத்துப்போன உணர்வு இருந்தால் தொழுநோய்க்கான சோதனையும் தேவை. உங்களுக்கு அரிப்பு நன்றாகவே தெரிவதால் அந்தக் கவலை குறைவு.

இன்னொன்றைத் தயங்காமல் எழுத வேண்டியிருக்கிறது. மேகநோய் என்று பெரியவர்கள் சொல்லும் சிபிலிஸ், இரண்டாம் கட்டத்தில் ஏறக்குறைய இதே வேடத்தில் வரும். அதில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் திட்டுகள் தோன்றுவது வழக்கம். உங்களுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் இவ்வகைத் தடிப்போடு வரும் வயது வந்த எவரையும் வி.டி.ஆர்.எல். போன்ற ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது என் வழக்கம். இது உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி அல்ல. வீட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கிறார். அந்த நோய் கருவில் உள்ள குழந்தைக்குக் கேடு செய்யும், ஆனால் பென்சிலினுக்கு முழுமையாகக் கட்டுப்படும். உங்கள் மனைவிக்குக் கர்ப்பகாலப் பரிசோதனைகளில் இதுவும் சேர்ந்தே எடுக்கப்பட்டிருக்கும். தாய்சேய் நல அட்டையில் பாருங்கள். உங்களுக்கு அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசமாக, ரகசியமாகச் செய்வார்கள். அந்தத் தனியார் சிகிச்சையகம் கொடுத்த சீட்டில் சுரண்டிப் பார்த்ததாகவோ ரத்தம் எடுத்ததாகவோ ஒரு வரிகூட இல்லை. என்னை உறுத்தியது விலையைவிட இதுதான்.

ஒட்டுவாரொட்டியா, மருந்து வாடையா?

உடம்பில் நெடுங்காலமாக உறங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களான ஆறாம், ஏழாம் வகைகள் திரும்ப விழிப்பதே இந்தத் தடிப்புக்குக் காரணம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த வைரஸ்கள் ஏறக்குறைய எல்லாருக்குமே சிறுவயதில் தொற்றியவை. உங்கள் ஜீப்பில் வரும் பெண்களிடமும் அவை ஏற்கெனவே இருக்கும். நீங்கள் புதிதாக எதையும் கொடுத்துவிடப் போவதில்லை. ஒரே வீட்டில் இருவருக்கு வருவதே அபூர்வம். தனித் தட்டு, தனிப் பாய், தனிச் சோப்பு எதுவும் தேவையில்லை. இது அம்மையும் அல்ல. அம்மா வைத்த வேப்பிலை தலைமாட்டில் இருப்பதில் குற்றமில்லை. அதை அரைத்துத் தடவி, அரித்துச் சிவந்த தோலை மேலும் எரியவிட வேண்டாம்.

ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் மேல் நண்பர் கொண்ட சந்தேகம் இயல்பானது. மலைக்குப் போய்வருகிறவர்களிடம் மருந்தால் வந்த தோல் அழற்சியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது மருந்து படும் இடத்தில்தான் வரும்: கைவிரல் இடுக்கு, முன்கை, கழுத்து, கண்ணிமை, கால். உங்களுக்கோ கையும் முகமும் சுத்தமாக இருக்கின்றன, சட்டைக்குள் மறைந்த இடம் முழுக்கத் தடிப்பு. மருந்து வாடை சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உள்ளே போகாது.

மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் தடிப்பு பிட்டிரியாசிஸ் ரோசியாதான் என்று உறுதியானால் அனுப்பத் தேவையில்லை. ரத்த முடிவு வரும் வரை மட்டும் தாம்பத்திய உறவைத் தள்ளிவையுங்கள். இந்தத் தடிப்பு கர்ப்பிணிக்கே, அதுவும் முதல் 15 வாரங்களுக்குள் வந்தபோது கருச்சிதைவு கூடுதலாக நிகழ்ந்ததாகச் சிறு ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. கணவருக்கு வந்ததால் மனைவிக்கு ஆபத்து என்று அவை எங்கும் சொல்லவில்லை. அவர் உடம்பில் இதுபோன்ற ஒரு படை தென்பட்டால் மட்டும், செவிலியரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

விளக்கொளி என்ன செய்யும்

இந்தச் சிகிச்சையைப் போலி என்று சொல்லிவிட முடியாது. நீளமான குழல் விளக்குகள் பொருத்திய அலமாரி போன்ற ஒரு பெட்டிக்குள் நிற்கவைத்து, 311 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிரை விநாடிக் கணக்கில், பின்னர் நிமிடக் கணக்கில் தோலின் மேல் பாய்ச்சுவார்கள். அந்தக் கதிர் தோலின் மேலடுக்கில் கூடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களை அடக்குகிறது; அழற்சி தணிகிறது. சோரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படைக்கும் வெண்புள்ளிக்கும் இது மதிப்புள்ள சிகிச்சை, நானும் எழுதிக் கொடுக்கிறேன். அவை ஆண்டுக்கணக்கில் இருந்து வாட்டும் நோய்கள். உங்களுடையது தானே விடைபெற்றுப் போகிற நோய். இந்த வேறுபாட்டை யாரும் உங்களிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

பிட்டிரியாசிஸ் ரோசியாவுக்கு இந்த ஒளி எவ்வளவு உதவும் என்று பார்க்க, 1995-இல் தாய்லாந்து மருத்துவர்கள் 17 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொருவர் உடம்பையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பத்து நாள் தொடர்ந்து யு.வி.பி. என்ற வகைப் புற ஊதாக் கதிரைக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு அந்த அளவு வேலை செய்யாத வேறொரு கதிரைப் பெயருக்குக் கொடுத்தார்கள். சிகிச்சை நடந்தபோது ஒளிபட்ட பாதியில் தடிப்பின் கடுமை நன்றாகக் குறைந்தது. ஆனால் அரிப்பில் வேறுபாடு இல்லை. சில வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பாதியும் ஒன்றாகவே இருந்தன. அதற்கு முன் 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் அரிப்பும் தணிந்தது. ஆயினும் தடிப்பு கிளம்பிய முதல் வாரத்திலேயே தொடங்கியவர்களுக்குத்தான் பலன் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆரம்பத்திலேயே வந்து, உடம்பு முழுக்கத் தடித்து, களிம்புக்கும் மாத்திரைக்கும் அடங்காத அரிப்பால் தூக்கமிழந்தவருக்கு இதை யோசிக்கலாம். நீங்கள் ஐந்தாம் வாரத்தில் இருக்கிறீர்கள். மூன்றாவது படத்தில் மேல்முதுகுப் படைகள் ஏற்கெனவே தட்டையாகிச் செதில் உதிர்க்கத் தொடங்கிவிட்டன.

இனி கணக்கைப் பாருங்கள். வாரம் இரண்டு வீதம் பன்னிரண்டு முறை என்றால் ஆறு வாரம். இன்றைய ஐந்தோடு அந்த ஆறைக் கூட்டினால் பதினொன்று. பெரும்பாலோருக்கு அதற்குள் தடிப்பு தானாகவே போய்விட்டிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்; இங்கே காக்கைக்குக் கூலி 10,800 ரூபாய்.

நம் நிறத்தவர்களுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. இந்த நோய் போகும்போது நம் தோலில் கருந்தடத்தை விட்டுச் செல்லும். அது மங்கச் சில மாதங்கள் ஆகும். புற ஊதாக் கதிருக்கு இயல்பே தோலைக் கறுக்கவைப்பது. அதனால் நோய் போனாலும் தடம் முன்னைவிட அழுத்தமாகத் தங்கிவிடக்கூடும். ஜீப்பில் வரும் பெண்களின் கண்ணுக்கு நோயும் தடமும் ஒன்றுதான் என்பதை நீங்களே அறிவீர்கள். அளவு மிஞ்சினால் சூடுபட்டது போல் சிவந்து எரியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் பிறப்புறுப்புக்கு மறைப்பும் இல்லாமல் அந்தப் பெட்டிக்குள் ஒருபோதும் நிற்கக் கூடாது. சில மாத்திரைகள், குறிப்பாக டாக்ஸிசைக்ளின், தோலை ஒளிக்குக் கூசவைக்கும் என்பதால், மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியவற்றின் அட்டைகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் ஊர் வெயில்

வெயிலிலும் அதே கதிர் இருக்கிறது, ஆனால் அளவுகோல் இல்லை. இளவெயில் நல்லது என்று காலை ஏழு மணிக்கு நிற்பவர்களுக்கு வெளிச்சம் கிடைக்குமே தவிர யு.வி.பி. மிகச் சொற்பமே கிடைக்கும். அது உச்சிவெயிலில்தான் மிகுதி. உச்சிவெயிலில் சட்டையில்லாமல் நின்றால் வியர்த்து அரிப்பு இரட்டிப்பாகும். ஜீப் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யு.வி.பி. ஏறக்குறைய இருக்காது. ஆகவே, "வண்டி ஓட்டும்போது வெயில் படுகிறதே, போதாதா" என்ற உங்கள் கேள்விக்கும் பதில், போதாது என்பதே.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காகவும் ஒன்று. வெண்புள்ளிக்கு நாட்டுமருந்துக் கடையில் விற்கும் கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது பழைய வழக்கம். அதில் உள்ள சொராலென் என்ற பொருள் ஒளியைப் பல மடங்கு கூர்மையாக்கும். மருந்தாகவே பயன்படும் அறிவுதான் அது. சில ஆண்டுகளுக்கு முன் இதே நோயோடு ஓர் இளைஞர், யாரோ சொன்னார்கள் என்று அதை முதுகு முழுக்கப் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் முக்கால் மணிநேரம் படுத்திருக்கிறார். மறுநாள் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்ட நிலையில் வந்தார். அந்தப் பனியனைக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து எடுக்க எங்கள் செவிலியருக்கு ஒரு மணிநேரம் ஆனது. தடிப்பு ஒரு மாதத்தில் போயிற்று, கொப்புளத் தழும்பு இன்னும் இருக்கிறது. இணையத்தில் மலிவாக விற்கும் கிருமிநீக்க விளக்குகளும் சிகிச்சைக்கு உரியவை அல்ல. அவற்றின் கதிர் வேறு வகை, சில நிமிடங்களில் கருவிழியைப் புண்ணாக்கிவிடும்.

கட்டிய முன்பணம்

பத்து நாளில் மாறும் என்றால் ஆறு வாரத்துக்கு முன்பணம் எதற்கு என்று நீங்கள் கேட்டிருக்கலாம். அது பேச்சு வழுக்கலாகவும் இருக்கலாம். மலையாளத்தில் நோய் மாறும் என்றால் குணமாகும் என்று பொருள். நம் காதில் அது நிறமோ நிலையோ மாறும் என்றும் விழும். வரவேற்பறையில் இருந்தவர் எதைச் சொன்னார், மருத்துவர் அவரிடம் எதைச் சொல்லியிருந்தார் என்பதை இப்போது பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே எழுத்தில் கேளுங்கள்: நோயின் பெயர் என்ன, எந்தக் கதிர், முதல் அளவு எவ்வளவு, எடுக்காமல் விட்டால் என்ன ஆகும், பாதியில் நலமானால் மீதிப் பணம் திரும்புமா? சிகிச்சையைத் தொடங்கும் முன்பும் இடையிலும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணிநேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 ஒழுக்க விதிகள் சொல்கின்றன. நீங்கள் இன்னும் ஒருமுறைகூடப் பெட்டிக்குள் நிற்கவில்லை. ரசீதோடு போய்த் தணிவாகக் கேட்டால் பெரும்பாலும் திருப்பிக் கொடுப்பார்கள். மறுத்தால், கட்டணம் வாங்கித் தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வருவதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 3,000 ரூபாய்க்காக அத்தனை அலைச்சல் தேவையா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

அரிப்புக்கு இப்போதே செய்யக்கூடியவை எளியவை. வெந்நீரும் காரமான சோப்பும் வேண்டாம். பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பான நீரிலோ குளித்து, ஈரம் காயும் முன் தேங்காயெண்ணெயைப் பூசுங்கள். ஓட்டுநர் சட்டைக்குள் பருத்திப் பனியன் போடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பாலியெஸ்டர் துணி முதுகில் உரசும் ஏற்றத்தில்தான் அரிப்பு அதிகம். இரவில் மருத்துவர் தரும் அரிப்பு மாத்திரையைப் போடலாம். ஆனால் தூக்கம் வரவழைக்கும் வகை என்றால் மறுநாள் விடியலில் கம்பம்மெட்டு வளைவுகளில் அது பேசும். தூக்கம் தராத வகையைக் கேட்டு வாங்குங்கள். மென்மையான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாள் தடவலாம். கையில் இருக்கும் அந்தக் கலவைக் களிம்பைத் தூக்கி எறியுங்கள். ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் வாரத்தில் தொடங்கினால் சிலருக்கு நாளைக் குறைக்கும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. உள்ளங்கையில் திட்டு, வாயில் புண், காய்ச்சல், நெறிகட்டுதல் இவற்றில் ஏதாவது தோன்றினாலோ, தாய்ப்படை தோன்றிப் பன்னிரண்டு வாரம் ஆகியும் புதுப்புதுப் படைகள் கிளம்பினாலோ, நான் சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அப்போது தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம்.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது உங்களை வாட்டுவது அரிப்பைவிட அந்தக் காலியான ஓட்டுநர் இருக்கைதான் என்று பட்டது. அதற்கு எந்தக் கதிரும் உதவாது. ஒரு காகிதம் உதவும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ உங்களுக்கு அருகில் உள்ள தோல் மருத்துவரிடமோ நேரில் காட்டுங்கள். சுரண்டிப் பார்த்து, ரத்த முடிவும் வந்தபின், "இவருக்கு வந்துள்ள தடிப்பு பழகுவதாலோ அருகில் அமர்வதாலோ பரவுவது அல்ல, இவர் வழக்கமான வேலையைச் செய்யலாம்" என்று ஒரு சான்று கேளுங்கள். முதலாளிக்கு ஒரு நகல் போதும். இன்னொரு நகலை ஜீப்பில் முன் இருக்கையில் வழக்கமாக உட்காரும் மூத்த அம்மாவிடம் கொடுத்து, படிக்கத் தெரிந்த யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் பழையபடி முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.